நாற்பத்து நான்காம் கல்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக, பொறியியல் ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்ப்பதன் சாதக பாதகங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி ஆபீஸிலிருந்து கேட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவளுக்கு இப்படி ஏதாவது வேலை கொடுத்தால் சந்தோஷப்படுவாள் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். சந்தோஷம்தான். ஆனால் இரண்டு பக்கத்தில் முடியாது. முதல் பத்தியை எழுதிய மறுநாள் எனக்கு ஒரு ஃபோன் வந்தது. அதற்குப் பிறகு நான் எழுத நினைத்ததெல்லாம் மாறிவிட்டது. அது என்ன ஃபோன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். பாதியில் எழுந்து டீ குடிக்கப் போய்விடாதீர்கள்.

சாதகங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசாங்கத்தில் ஒரு பொறியாளர் பத்து வருஷம் ஒரே ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாம் ஒரே வருஷத்தில் ஏரி, சந்தை, மேம்பாலம், குப்பைமேடு என்று எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம். கற்றுக்கொள்ள ஆசை இருக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. எனக்கு இருபத்தைந்து வயதிருக்கும்போதே என் அப்பா வயது அதிகாரிகள் எழுந்து நின்று நாற்காலி கொடுத்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. தோளில் ஒரு பையும் கழுத்தில் ஓர் அடையாள அட்டையும் இருந்தால் நீங்கள் சென்னையிலிருந்து வந்த மேடம். இன்னொரு சாதகமும் இருக்கிறது. அது எனக்கே நேற்றுதான் புரிந்தது, அதனால் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

பாதகங்கள் என்று எல்லோரும் புலம்புவதை நான் புலம்பப் போவதில்லை. தங்கை கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து அட்டவணை திருத்தியிருக்கிறேன். நீங்களும் திருத்துவீர்கள், பழகிவிடும். பழகவே கூடாதவை இரண்டு. ஒன்று, நாம் எழுதிவிட்டுக் கிளம்பிவிடுகிறவர்கள். நாம் எழுதியதற்குக் கீழே குடியிருக்கிறவர்கள் வேறு யாரோ. இரண்டாவது, பழைய ஃபைல்.

பழைய ஃபைல் என்றால் என்னவென்று முதல் வாரமே உங்களுக்குக் காட்டியிருப்பார்கள். நம் ஆபீஸில் யாரும் வெறும் பக்கத்தில் அறிக்கை எழுதத் தொடங்குவதில்லை. வேறு ஊருக்கு ஏற்கெனவே எழுதியதைத் திறந்து, ஊர்ப் பெயரை மாற்றி, அளவுகளை மாற்றி, படங்களை மாற்றி அனுப்புகிறோம். நேரம் மிச்சம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஒருமுறை மழையே பார்க்காத ஒரு மேட்டு ஊரின் சாலைக்கு நான் தயாரித்த அறிக்கையில், ‘கடல் பொங்கும் காலங்களில் பணியாளர்கள் கரையிலிருந்து விலகி நிற்க வேண்டும்’ என்று ஒரு வரி இருந்தது. கூட்டத்தில் ஒரு விவசாயி எழுந்து, எங்கள் ஊருக்குக் கடல் எப்போது வருகிறது என்று சொன்னால் வலை வாங்கி வைப்போம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று யாராவது என்னை நன்றாகத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

இனி செஞ்சிக்கு வருகிறேன்.

ஓய்வு பெற நான்கு வருஷம் இருந்தபோது, ஒரு தனியார் கம்பெனி நம்மிடம் வந்தது. கோட்டைக்கு வெளியே, மேல்மலையனூர் போகிற பக்கம், ஒரு சின்னக் குன்றின் அடிவாரத்தில் சுற்றுலா விடுதி கட்ட அவர்களுக்குத் திட்டம். குன்றின் மேலிருக்கும் பாறைகள் உருண்டு வருமா, வராதா என்று நாம் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்து மலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவை மலை என்பதைவிடக் கற்குவியல். வீட்டளவு கல்லின் மேல் லாரியளவு கல், அதன் மேல் இன்னொன்று. எது எதைத் தாங்குகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

இந்த வேலையில் ஒவ்வொரு பாறைக்கும் மஞ்சள் பெயிண்டில் ஓர் எண் போடுவோம். அறிக்கையின் அட்டவணையில் அந்த எண்ணுக்கு ஒரு வரி இருக்கும். அந்தப் பாறை எதன் மேல் நிற்கிறது, கீழே என்ன இருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதுவோம். பிரஷை நான் யாரிடமும் கொடுப்பதில்லை. என் கையெழுத்தில் நான்குக்கு அடியில் ஒரு சின்னக் கோடு இருக்கும், பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படி. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு புள்ளி வைப்பேன், வேறு யாரும் வந்து இன்னோர் இலக்கத்தைச் சேர்த்துவிடக் கூடாது என்பதற்காக. இவை இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்க்காரர்களுக்கு எண் தேவைப்படவில்லை. யானைக்கல், உரல்கல், மாமியார்கல் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார்கள். மாமியார்கல் எப்போதும் வெயிலை மறைத்துக்கொண்டு நிற்குமாம். மூன்றாம் நாள் மதியம் நாற்பத்து மூன்று எண்கள் முடித்துக் கீழே இறங்கினேன். கடைசியாக ஓர் ஓட்டு வீடு, மற்ற வீடுகளிலிருந்து தள்ளித் தனியாக இருந்தது. பின்னால் மாட்டுக்கொட்டகை. கொட்டகைக்கு மேலே சரிவில் சீதாப்பழப் புதர்களுக்கு நடுவே ஒரு கல் உட்கார்ந்திருந்தது. பெரிய கல் என்று சொல்ல முடியாது, ஒரு ஷேர் ஆட்டோ அளவு. நான் பிரஷைத் தோய்த்தபோது வீட்டுக்கார அம்மா கையில் மோர்ச் சொம்போடு வந்து குறுக்கே நின்றாள். பெயர் சகுந்தலா, நாற்பது வயது இருக்கும். கணவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். இவள் ஒரு மாட்டை வைத்துக்கொண்டு, அமாவாசைதோறும் மேல்மலையனூர் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்தாள்.

“இத்த மட்டும் உட்டுடுங்கம்மா” என்றாள். “வூட்டுக்கு மேல இருக்குற கல்லுக்கு நாங்க பேரு வெக்க மாட்டோம். பேரு வெச்சா கூப்ட மாதிரி. எறங்கி வந்துடும்.”

நான் பெயர் வைக்கவில்லை, வெறும் நம்பர்தான் என்று சொன்னேன்.

“நம்பர் போட்டா மட்டும் இன்னா? ஆஸ்பத்திரில நம்பர் சொல்லித்தானே கூப்டறாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கீழே வேன் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. முன்பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தக் கல் மண்ணில் நன்றாகப் புதைந்துதான் இருந்தது. புதரை விலக்கி அடியைப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். நான் பார்க்கவில்லை. சரி, எழுத மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, மோரைக் குடித்துவிட்டு வேனில் ஏறினேன். ஊர்க்காரர்களின் நம்பிக்கையை மதிக்கிறேன் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மதிப்பெல்லாம் இல்லை, பசி.

சென்னை வந்து அறிக்கை தயாரித்தேன். மேற்கே எங்கேயோ ஒரு மலைக்கு யாரோ எழுதிய பழைய ஃபைலைத் திறந்து அதன் மேலேயே எழுதினேன். நாற்பத்து மூன்று வரிகளையும் மாற்றி, ஒருமுறை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு மதியம் பன்னிரண்டரைக்கு டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். நேரம் எனக்கு எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்று கேட்காதீர்கள். அந்தக் கையெழுத்து நேரத்தையும் சேர்த்துக் காட்டும்.

ஒரு மாதம் கழித்து, கம்பெனியின் சைட் சூப்பர்வைசர் ஃபோன் செய்தார். நாற்பத்து நான்காம் நம்பர் கல்லுக்குக் கீழே இருக்கும் வீட்டைக் காலி செய்ய அந்த அம்மா மறுக்கிறாள், தாசில்தார் ஆபீஸில் நான் நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார்.

நாற்பத்து நான்கு என்று எதுவும் இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு அறிக்கையைத் திறந்தேன். அட்டவணையின் கடைசியில், அடுத்த பக்கத்தின் தலையில், தனியாக ஒரு வரி இருந்தது. ‘ஓட்டு வீடு. பின்புறம் மாட்டுக்கொட்டகை. பாறையின் வடகிழக்கு அடியில் மண் அரித்து, ஒரு முழ அகலத்துக்கு வெற்றிடம். குடியிருப்போரை உடனே அப்புறப்படுத்த வேண்டும்.’ பழைய ஃபைலில் நாற்பத்து நான்கு வரிகள் இருந்திருக்கின்றன. நான் நாற்பத்து மூன்றைத்தான் மாற்றியிருக்கிறேன். வேறொரு மலையைப் பற்றி, வேறொருவர் எழுதிய வரி, என் கையெழுத்தோடு செஞ்சிக்குப் போய்விட்டது. வெறும் வரி என்றால் திருத்தம் அனுப்பிவிடலாம். ஆனால் சூப்பர்வைசர் கல்லுக்குக் கீழே என்றல்லவா சொன்னார்? எந்தக் கல்?

மறுநாள் திண்டிவனம் வழியாகப் பஸ் பிடித்து, பதினொரு மணிக்கெல்லாம் அங்கே இருந்தேன். சகுந்தலா வீட்டுக்குப் பின்னால், சீதாப்பழப் புதருக்கு மேலே, அந்தக் கல்லில் மஞ்சள் பெயிண்டில் 44 என்று எழுதியிருந்தது. இரண்டு நான்குக்கும் அடியில் சின்னக் கோடு. பின்னால் புள்ளி.

நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். பெயிண்ட் ஒட்டியது. பங்குனி வெயிலில் ஒரு மாதம் காய்ந்த பெயிண்ட் விரலில் ஒட்டக் கூடாது.

சூப்பர்வைசரைக் கேட்டேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்து, நீங்கள்தானே மேடம் எழுதினீர்கள் என்றார். நான் விட்டுப்போன மிச்சப் பெயிண்ட் டப்பா அவருடைய ஷெட்டில்தான் இருந்தது. விடுதிக்குப் போகும் வழி சகுந்தலாவின் வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்பதும், அவள் இரண்டு முறை நிலத்தைத் தர மறுத்திருந்தாள் என்பதும் அங்கேதான் எனக்குத் தெரிந்தது. ஓ, இதுதான் சங்கதி என்று நினைத்துக்கொண்டேன். அறிக்கையில் அநாதையாகக் கிடந்த வரியைப் பார்த்து, தங்களுக்கு வேண்டாத வீட்டின் மேலிருந்த கல்லில் இவர்களே எழுதிவிட்டார்கள். மேலே நாற்பத்து மூன்று எண்கள் இருக்கின்றன, என் எழுத்தைப் பார்த்து எழுதுவது கஷ்டமில்லை. இப்படி நினைத்ததும் எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. கோபம் நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதியைச் சகுந்தலா கெடுத்தாள். வாசலில் என்னைப் பார்த்ததும் உள்ளே வரச் சொல்லவில்லை.

“எழுத மாட்டேன்னு சொல்லிட்டு, அமாவாசை அன்னிக்கு வந்து எழுதிட்டுப் போனீங்களே, நாயமா?”

நான் வரவில்லை என்றேன். யாரோ கம்பெனி ஆள் எழுதியிருக்கிறான் என்றேன்.

“என் கண்ணால பாத்தேன். கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ்ஸு புடிக்க எலுமிச்சங்கூடய எடுத்துக்கினு கெளம்பறேன், நீங்க இந்த நீலப் பொடவையிலதான் மேல நின்னு எழுதிக்கினு இருக்கீங்க. கூப்ட்டேன். மோரு வேணுமான்னு கேட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல.”

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். பன்னிரண்டரை பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். ஃபோனில் காலண்டரைத் திறந்து அந்த அமாவாசையின் தேதியைப் பார்த்தேன். நான் அறிக்கையில் கையெழுத்துப் போட்ட தேதி.

நான் படித்தவள், கல்லைப் பற்றி முப்பது வருஷம் படித்தவள். அந்த வாசலில் நின்றபோது நான் பயந்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். நீலப் புடவை கட்டிய பெண்கள் ஊரில் ஆயிரம் பேர். வெயிலில் கண் கூசும். இவை எல்லாம் எனக்கும் தோன்றின, இப்போதும் தோன்றுகின்றன.

எழுதிய நாளிலிருந்து கல் சத்தம் போடுகிறது என்று சகுந்தலா சொன்னாள். மாடு கொட்டகைக்குள் நுழைய மறுக்கிறது, வாசலில்தான் கட்டுகிறாளாம். நான் கொட்டகையில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து காத்திருந்தேன். மூன்று மணிக்குக் குன்றின் நிழல் அந்தப் பாறையின் மேல் விழுந்தது. டொக் என்று ஒரு சத்தம், உள்ளேயிருந்து யாரோ விரலால் தட்டுவது மாதிரி. சற்று நேரம் கழித்து இன்னொரு டொக். வெயிலில் விரிந்த கல் நிழலில் சுருங்கும்போது சத்தம் வருவது சகஜம். அதை உங்களுக்குப் படம் போட்டு விளக்கிவிடுவேன். ஆனால் மேலே நாற்பத்து மூன்று கற்களின் மேலும் அதே நிழல்தான் விழுந்தது. அவை எதுவும் வாய் திறக்கவில்லை.

அப்போதுதான் நான் முதல்முறையே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். புதரை விலக்கினேன். வடகிழக்கு அடியில் மண் இல்லை. ஒரு முழ அகலத்துக்கு இருட்டாக ஓர் ஓட்டை. கையை விட்டேன், தோள் வரை போனது, எதுவும் தட்டுப்படவில்லை.

அங்கிருந்தே டைரக்டருக்கு ஃபோன் செய்தேன். நம் டைரக்டர் கெட்டவர் இல்லை. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார், அமாவாசைக் கதையை நான் சொல்லவில்லை.

“அப்படியே விட்டுடுங்க” என்றார். “ரிப்போர்ட்லயும் நாற்பத்து நாலு இருக்கு, கல்லுலயும் இருக்கு. நீங்களே போய்ப் பார்த்துட்டீங்க, ஆபத்துதான்னும் சொல்றீங்க. வரி சரியாத்தானே இருக்கு? காப்பி அடிச்சோம்னு நாமே எதுக்குப் போய்ச் சொல்லணும்?”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நம் தொழிலே இந்த இடத்தில்தான் இருக்கிறது. வரி தவறு என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அது உண்மை. கம்பெனியால் அவளைக் கிளப்ப முடியாது, அவள் அந்தக் கல்லுக்குக் கீழேயே சமைத்துக்கொண்டிருப்பாள். வரியை அப்படியே விட்டால் அவள் உயிர் பிழைப்பாள், வீடு கம்பெனிக்குப் போய்விடும், திரும்பி வராது. இரண்டுமே எனக்குச் சௌகரியமான பதில்கள். ஒன்றில் நான் நேர்மையானவள், இன்னொன்றில் நிறுவனத்துக்கு விசுவாசமானவள். இரண்டிலும் அவள்தான் நஷ்டப்படுகிறவள். கொட்டகையில் உட்கார்ந்து வெகு நேரம் யோசித்தேன். கல் அவ்வப்போது தட்டிக்கொண்டிருந்தது.

பிறகு ஃபைல் எதையும் திறக்காமல், நோட்டுப் புத்தகத்தில் கையாலேயே எழுதினேன். அறிக்கையின் நாற்பத்து நான்காம் வரி வேறொரு மலையைப் பற்றியது, என் கவனக்குறைவால் வந்தது, அது செல்லாது. இந்தக் கல்லை நான் முதல்முறை பார்க்கத் தவறினேன், அதுவும் என் குறைதான். இன்று பார்த்தேன், கல் ஆபத்தானது. வீட்டில் இருப்பவர் உடனே தற்காலிகமாக வேறிடம் போக வேண்டும். கீழே விடுதிக்காக ஒரு மண்வெட்டி விழுவதற்கு முன் இந்தக் கல்லைக் கம்பெனி அப்புறப்படுத்திக் கொடுக்க வேண்டும். வீடும் மனையும் அந்த அம்மாவுடையவை. கையெழுத்துப் போட்டு, அதன் படத்தைத் தாசில்தாருக்கும் கம்பெனிக்கும் டைரக்டருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினேன். தனித்தனியாக அனுப்பினால் யாராவது ஒருவர் தடுத்திருப்பார்.

அதைவிடக் கஷ்டம் சகுந்தலாவைக் கிளப்புவது.

“எங்க நைனா கட்டுன வூடும்மா” என்றாள். “நம்பர் போட்டது நீங்க. நீங்களே அழிங்க. அழிச்சா செரியாப் பூடும்.”

ஷெட்டிலிருந்து பெயிண்டைக் கரைக்கும் தின்னர் வாங்கி வந்து, என் கைக்குட்டையால் தேய்த்து, கோடு, புள்ளி எதுவும் தெரியாதபடி அழித்தேன். அழித்து முடித்ததும் என் உள்ளங்கைக்குக் கீழே கல் தட்டியது. அவளுக்கும் கேட்டது. நான் ஒன்றும் விளக்கவில்லை. அவள் கையைப் பிடித்து ஓட்டைக்குள் விடச் சொன்னேன். விட்டாள்.

“உள்ள சில்லுனு காத்து வருதும்மா” என்றாள்.

கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். நேராக வாசலுக்குப் போய் மாட்டை அவிழ்த்தாள். பொழுது சாய்வதற்குள் பாத்திரம் பண்டத்தை ஒரு டாட்டா ஏஸில் ஏற்றிக்கொண்டு அவலூர்பேட்டையில் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆபீஸில் என்ன நடந்திருக்கும் என்று உங்களால் ஊகிக்க முடியும். நீங்கள் யாருக்கு வேலை செய்கிறீர்கள், கிளையன்டுக்கா, எலுமிச்சம்பழம் விற்கிற அம்மாவுக்கா என்று டைரக்டர் கேட்டார். கல்லுக்கு என்று சொன்னேன். திமிரான பதில்தான், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் வேறு பதில் இன்றைக்கும் தோன்றவில்லை. கம்பெனி நம்மை விட்டுப் போயிற்று. என்னைக் கள வேலையிலிருந்து எடுத்து டெண்டர் பிரிவில் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். பாதகங்களின் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நிறுவனம் உங்களைத் தண்டிக்காது, ஜன்னல் இல்லாத அறைக்கு மாற்றும்.

கல்லை யாரும் அப்புறப்படுத்தவில்லை. ஐப்பசியில், நான்கு நாள் விடாத மழைக்குப் பிறகு ஒருநாள் முற்பகலில் சகுந்தலா ஃபோன் செய்தாள்.

“எறங்கிடுச்சிம்மா” என்றாள். அவ்வளவுதான்.

போய்ப் பார்த்தேன். கொட்டகை இருந்த இடத்தில் எதுவுமில்லை. பின்சுவரைத் தள்ளிக்கொண்டு வந்த கல் சமையலறை நடுவில், அடுப்பு இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. அங்கே இருந்தவரை அவள் தினமும் பதினொரு மணிக்குச் சோறு வடித்த இடம். அவள் சுவரோரமாக நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். அவள் உயிரோடு அழுதுகொண்டிருந்தாள் என்பதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் வேறு எந்த வேலையிலும் ஏற்பட்டதில்லை. திரும்பும்போதுதான் கவனித்தேன். நான் தேய்த்து அழித்த இடத்தில் 44 என்று மங்கலாகத் தெரிந்தது. மேலே பூசியிருந்த தின்னர் கறையை மழை கழுவியிருக்கும், கல்லின் துளைகளில் ஊறிய மஞ்சள் வெளியே வந்திருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

விடுதித் திட்டம் நின்றுபோயிற்று. சகுந்தலா அந்த மனையிலேயே முன்பக்கமாக, குன்றிலிருந்து விலகி, இரண்டு அறையில் வீடு கட்டிக்கொண்டாள். ஒவ்வோர் அமாவாசைக்கும் கோயிலுக்குக் கிளம்பும் முன் எனக்கு ஃபோன் செய்வாள். சாப்டீங்களா, முட்டி வலி எப்படி இருக்குது என்று கேட்பாள். நான் எடுக்காவிட்டால் எடுக்கும்வரை அடிப்பாள்.

இப்போது அந்த ஃபோனுக்கு வருகிறேன். மூன்று நாள் முன்பு ஒரு மதியம் உங்களுக்காக இதை எழுத உட்கார்ந்து, என் பெயரையும் முதல் பத்தியையும் எழுதிவிட்டு எழுந்தேன். மறுநாள் காலை சகுந்தலா கூப்பிட்டாள். அமாவாசை இல்லையே என்று யோசித்துக்கொண்டேதான் எடுத்தேன். குரலில் வருத்தம்.

“நேத்து ஊருக்கு வந்துட்டு வூட்டுக்கு வராமயே பூட்டீங்களே. மேல நின்னு எழுதிக்கினு இருந்தீங்க, நான் கூப்டக் கூப்டத் திரும்பல. இன்னாம்மா கோவம் எம்மேல?”

நான் என்ன எழுதினேன் என்று கேட்டேன்.

“நாப்பத்தஞ்சி.”

எந்த வீட்டுக்கு மேலே என்றேன்.

“வூடு இல்லம்மா. புதுசா கட்டிக்கீறாங்களே, அங்கன்வாடி.”

நேற்று போய் வந்தேன். முட்டியோடு அந்தச் சரிவில் ஏறுவதற்கு அரை நாள் ஆனது. எண் இருந்தது. நான்குக்கு அடியில் கோடு, ஐந்துக்குப் பின்னால் புள்ளி. விரலில் மஞ்சள் ஒட்டியது. அந்தக் கம்பெனி போய் வருஷங்கள் ஆகின்றன, ஷெட்டும் இல்லை, சூப்பர்வைசரும் இல்லை. யார் எழுதியது என்று நான் தேடவில்லை. ஒருமுறை தேடி நேரத்தை வீணாக்கியது போதும். குனிந்து அடியைப் பார்த்தேன். கையை விட்டேன். சில்லென்று காற்று வந்தது.

அங்கன்வாடி டீச்சரிடம் சொன்னேன். நல்ல பெண், பயந்துவிட்டாள். பிள்ளைகளை இரண்டு நாள் கோயில் மண்டபத்தில் வைத்துச் சமாளிப்பதாகவும், அதற்கு மேல் தாசில்தார் ஆபீஸிலிருந்து காகிதம் வேண்டும் என்றும் சொன்னாள். தாசில்தார் ஆபீஸுக்குப் போனேன். அவர்கள் என் வெள்ளைத் தலையைப் பார்த்து நாற்காலி கொடுத்தார்கள், டீ கொடுத்தார்கள், யாராவது பொறியாளர் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். என் அடையாள அட்டையை ஓய்வு பெற்ற அன்றே உங்கள் ஆபீஸில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

கடைசிக்கு வைத்திருந்த சாதகம் இதுதான். நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒரு கட்டடம் காலியாகும். இந்த நிறுவனத்தில் சேர்ந்ததால் உங்களுக்குக் கிடைத்திருக்கும் உருப்படியான சம்பளம் அது ஒன்றுதான், நான் அதை முப்பது வருஷம் வைத்திருந்து ஒரே ஒரு முறைதான் ஒழுங்காகச் செலவழித்தேன். இப்போது என்னிடம் இல்லை. உங்களிடம் இருக்கிறது.

இதை மதியம் அனுப்புகிறேன். டீச்சர் சொன்ன இரண்டு நாளில் ஒன்று இன்றோடு முடிகிறது. உங்களில் ஒருவர், யாராக இருந்தாலும் சரி, நாளைக் காலை முதல் பஸ்ஸில் செஞ்சிக்குக் கிளம்புங்கள். சகுந்தலா வீட்டில் கேட்டால் வழி காட்டுவாள், மோர் கொடுத்தால் குடியுங்கள். பழைய ஃபைல் எதையும் திறக்க வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். பெயிண்ட் எடுத்துப் போக வேண்டாம், எண் எழுதியாகிவிட்டது.